டிசம்பர்ல பொறந்த புள்ளைய ஆகஸ்ட்லயே மாத்தெர்னெல் (பாலர் பள்ளி) அனுப்பணுமா? எந்த ஸ்கூல்?

கேள்வி: சேன்-பியேர்லேர்ந்து ஒரு தங்கச்சி
11 மார்ச் 2025

அக்கா, நாங்க காரைக்கால். பிரான்ஸை சேர்ந்த ரெயூனியன் தீவுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆவுது. பொண்ணு 2022 டிசம்பர்ல பொறந்தா. மேரியில (நகராட்சி ஆபீஸ்ல) போய் கேட்டா இந்த ஆகஸ்ட்லயே ஸ்கூல்ல சேர்த்தே ஆகணுங்கறாங்க, அப்ப அவளுக்கு மூணு வயசு கூட முடிஞ்சிருக்காது. வீட்ல முழுக்க தமிழ்தான், பிரெஞ்சு சுத்தமா வராது. எங்க தெருவுலயே கவர்மென்ட் எக்கோல் (ஸ்கூல்) இருக்கு, ஆனா இவரு கத்தோலிக் பிரெவே (தனியார்) ஸ்கூல்தான் நல்லதுங்கறாரு. கோயில்ல ஒரு அக்கா, இப்பவே தமிழை நிறுத்திட்டு பிரெஞ்சுல பேச ஆரம்பி, இல்லன்னா புள்ள கிளாஸ்ல வாயே தொறக்காம நிக்கும்னுட்டாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. என்ன செய்யலாம்?

11 மார்ச், ராத்திரி

முதல்ல வயசு விஷயம், ஏன்னா அது ஒண்ணுதான் உன் கையில இல்லாதது. 2019 சட்டத்துக்கு அப்புறம் பிரான்ஸ் முழுக்க, நம்ம ரெயூனியனும் சேர்த்து, மூணு வயசுலேர்ந்து படிப்பு கட்டாயம். அதுக்கு முன்னாடி 1882லேர்ந்து ஆறு வயசுதான் கணக்கா இருந்துச்சு. மூணு வயசுன்னா பொறந்த நாள் பாக்கமாட்டாங்க, எந்த வருஷத்துல மூணு முடியுதோ அந்த வருஷ ரான்த்ரேல (ஸ்கூல் வருஷம் துவங்கறப்ப) போகணும். அதனால உன் பொண்ணு ரெண்டு வயசு எட்டு மாசத்துல போவா, அதே கிளாஸ்ல ஜனவரியில பொறந்த புள்ள மூணு வயசு ஏழு மாசத்துல வந்து உக்காரும். இந்த வயசுல பதினோரு மாசம்ங்கறது எவ்ளோ பெரிய வித்தியாசம்னு புள்ள வளத்தவங்களுக்கு தெரியும். மெத்ரெஸ்க்கும் (டீச்சருக்கும்) தெரியும், ஆனா நீ முதல் நாளே போய் "டிசம்பர் புள்ள"ன்னு வாய் விட்டு சொல்லிடு.

ஒரு வருஷம் வீட்லயே வச்சுக்கலாமான்னு அடுத்து கேப்பேன்னு தெரியும். முன்னல்லாம் ஒரு லெட்டர் போட்டா போதும், 2022 ரான்த்ரேலேர்ந்து அனுமதி வாங்கணும், அதுக்கும் உடம்பு, ஊனம், தூரம் இந்த மாதிரி குறிப்பிட்ட காரணம்தான் எடுப்பாங்க. "சின்ன புள்ள, பாவம்"ங்கறது அதுல வராது.

மத்தது நாளைக்கு எழுதறேன், தூங்கு மா.

12 மார்ச்

நான் யாருன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுல கருத்து சொல்றவங்க நெறைய பேரு ஸ்கூல் கேட் வரைக்கும்தான் பாத்திருப்பாங்க. எனக்கு சொந்த ஊர் பாண்டிச்சேரி, இப்ப சேன்-தெனி. என் ரெண்டு புள்ளைங்களும் கவர்மென்ட் மாத்தெர்னெல்தான், அதுக்கு நடுவுல நானே ஒரு மாத்தெர்னெல்ல பி.இ.சி. கான்த்ரால (அரசு உதவியோட தற்காலிக வேலை ஒப்பந்தம்) வேலை பாத்தேன், கான்தீன்ல பரிமாறறது, மதியம் புள்ளைங்களை தூங்க வைக்கறது, பாத்ரூம் கூட்டிட்டு போறது, எல்லாம். அதனால நான் சொல்றது உள்ளேர்ந்து பாத்தது.

கவர்மென்ட் ஸ்கூல்ல "எந்த ஸ்கூல்"னு நீ தேர்ந்தெடுக்க முடியாது, அத முதல்ல புரிஞ்சுக்க. உன் வீட்டு அட்ரஸ் எந்த செக்தேர்ல (ஸ்கூல் எல்லையில) வருதோ அந்த ஸ்கூல்தான், அந்த எல்லைக் கோடு மேரிதான் போடும். வேற வேணும்னா தெரொகாசியோன் (விதிவிலக்கு) எழுதிக் கேக்கலாம், அண்ணனோ அக்காவோ அங்க படிக்கறாங்க, வேலை அந்தப் பக்கம், புள்ளைய பாத்துக்கறவங்க அந்த ஏரியாவுல இருக்காங்க, இப்படி காரணம் இருந்தா பாப்பாங்க, இடம் இருக்கணும். "அந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்னு சொன்னாங்க"ன்னு எழுதினா நகராது.

உள்ள ரெண்டு முதலாளி இருக்காங்கன்னும் தெரிஞ்சுக்க. மெத்ரெஸ், திரெக்த்ரிஸ் (தலைமை டீச்சர்), பாடம் இதெல்லாம் கல்வி இலாகா, ரெக்தோரா பக்கம். கட்டடம், கான்தீன், ஃபேன், பாத்ரூம், அப்பறம் கிளாஸ்ல உதவிக்கு கூட நிக்கற அட்செம் அம்மா, இதெல்லாம் மேரி. அட்செம்மை இங்க புள்ளைங்க தாத்தின்னு கூப்புடும். ஃபேன் ஓடலன்னு மெத்ரெஸ்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, மேரியில போய் கேக்கணும். இது தெரியாம எத்தன அப்பா அம்மா கேட்ல நின்னு மெத்ரெஸ்கிட்ட கத்தறாங்க தெரியுமா, அந்தப் பொண்ணு பாவம் கண்ணுல தண்ணியோட உள்ள வரும்.

சரி, என்ன பாக்கணும்? என்னைக் கேட்டா சுவத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பாக்காத, அது ஜூன் மாசம் எல்லா ஸ்கூல்லயும் அழகாத்தான் இருக்கும். தாத்தி யாரு, பெதித் செக்சியோன் (மாத்தெர்னெல் முதல் வருஷம்) கிளாஸ்ல நாள் முழுக்க இருப்பாங்களா இல்ல ரெண்டு கிளாஸுக்கு ஒரு தாத்தியான்னு கேளு. சட்டத்துல ஒவ்வொரு மாத்தெர்னெல் கிளாஸுக்கும் அட்செம் சேவை கிடைக்கணும்னுதான் இருக்கு, நாள் முழுக்கன்னு இல்ல, அது ஊருக்கு ஊர் மாறும். ரெண்டர வயசு புள்ளைக்கு மெத்ரெஸ் எவ்ளோ நல்லவங்கறதுக்கு சமமா இது முக்கியம். மூக்கு தொடைக்கறது, ஜட்டி மாத்தறது, விழுந்தா தூக்கறது எல்லாம் அந்தக் கைதான்.

அப்பறம் பாத்ரூம் கிளாஸுக்குள்ளேர்ந்தே போற மாதிரி இருக்கா, முத்தத்தைத் தாண்டி போகணுமா. தூங்கற ரூம் தனியா இருக்கா, இருட்டா இருக்கா, நவம்பர் டிசம்பர் வெயில்ல காத்து வருமா. கூரை தகரமா. குடிக்க தண்ணி எங்க. முத்தத்துல மர நிழல் இருக்கா. இதெல்லாம் யாரும் புரோஷர்ல போடமாட்டாங்க.

அதே நாள், சாயங்காலம்

சேக்கறதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டிருந்த. லிவ்ரே த ஃபமிய் (குடும்பப் புத்தகம்) இல்லன்னா பொறப்பு சர்டிபிகேட், வீட்டு அட்ரஸுக்கு கரென்ட் பில்லோ தண்ணி பில்லோ, அப்பறம் தடுப்பூசி. பொறப்பு சர்டிபிகேட் இங்கிலீஷ்ல இருந்தா மொழிபெயர்ப்பு கேக்கறாங்களான்னு மேரியில முன்னாடியே விசாரிச்சுடு. முதல்ல மேரி, அதுக்கப்பறம் அவங்க குடுக்கற பேப்பரோட திரெக்த்ரிஸைப் பாக்கணும், ரெண்டு படி.

தடுப்பூசிதான் உனக்கு இழுக்கும். இங்க 2018 ஜனவரிக்கு அப்புறம் பொறந்த புள்ளைங்களுக்கு குறைஞ்சது 11 நோய்க்கு ஊசி கட்டாயம். காரைக்கால் கார்டுல பென்டாவேலன்ட், போலியோ எல்லாம் இருக்கும், அது செல்லும். ஆனா ஊர்ல கவர்மென்ட்ல போடறது எம்.ஆர்., தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும், பொன்னுக்கு வீங்கி அதுல கிடையாது. இங்க மூணும் சேர்ந்த ஊசி கேப்பாங்க. மெனிஞ்சோகோக் (மூளைக்காய்ச்சல்) ஊசியும் ஊர்ல பொது திட்டத்துல இல்ல. கார்டை எடுத்துட்டு உங்க ஏரியா பேஎம்ஈ (தாய் சேய் நல மையம்) போ, ஆறு வயசு வரைக்கும் அங்க காசு கிடையாது, அவங்களே பழசு எல்லாத்தையும் கார்னே த சான்தேல (புள்ளையோட மருத்துவப் புத்தகத்துல) ஏத்தி விட்டதைப் போட்டுடுவாங்க. ஆகஸ்டுக்குள்ள முடியலன்னாலும் பயப்படாத, தற்காலிகமா சேத்துக்கிட்டு மூணு மாசம் டைம் குடுப்பாங்க.

15 மார்ச்

தமிழை நிறுத்தச் சொன்ன விஷயத்துக்கு வர்றேன். மத்த எதுலயும் நான் இவ்ளோ உறுதியா பேசமாட்டேன், இதுல பேசுவேன். நிறுத்தாதம்மா.

ரெண்டர வயசு புள்ள கையில இருக்கற ஒரே சொத்து அது பேசற மொழி. பசி, வலி, பயம், ஆசை எல்லாத்தையும் அது தமிழ்லதான் சொல்லக் கத்திருக்கு. அதை இப்ப நீ புடுங்கிட்டு உனக்கே சரியா வராத பிரெஞ்சை குடுத்தா அவகிட்ட ஒரு மொழியும் முழுசா இருக்காது. உன் பிரெஞ்சு எப்படின்னு எனக்குத் தெரியாது, கோவிச்சுக்காத, நான் வந்த புதுசுல என் பிரெஞ்சுல ஒரு கதை சொல்ல முடியாது, ஒரு தாலாட்டு பாட முடியாது, "ஏன் அழற, என்ன ஆச்சு, யாரு அடிச்சா"ன்னு விடாம கேக்க முடியாது. புள்ளைக்கு மொழி வளர்றது இந்த நீளமான பேச்சுலதான், "வியேன் மான்ஜே" (சாப்பிட வா) "வா தோர்மிர்" (போய் தூங்கு)ங்கற ரெண்டு வார்த்தை கட்டளையில இல்ல.

தமிழ்ல ஒரு புள்ள நல்லா பேசுதுன்னா, முன்னாடி பின்னாடி, ஏன்னா அதனால, இதெல்லாம் தலைக்குள்ள ஏறிடுச்சுன்னு அர்த்தம். பிரெஞ்சுல அதுக்கு புது பேரு மட்டும் கத்துக்கணும். ரெண்டு மொழி கேட்டு வளர்றதால புள்ள பேச லேட்டாகும்ங்கறது தப்பான நம்பிக்கை. ஆரம்பத்துல சில மாசம் கிளாஸ்ல வாய் தொறக்காம இருக்கும், அது சகஜம், அந்த நேரத்துல அது கேட்டுக்கிட்டுதான் இருக்கு. கவலைப்பட வேண்டியது தமிழ்லயும் பேச்சு வரலன்னாதான். அப்ப பேஎம்ஈ டாக்டர்கிட்ட சொல்லி காது டெஸ்ட் பண்ணச் சொல்லணும், தேவைன்னா ஓர்த்தோஃபோனிஸ்ட் (பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க), இங்க அதுக்கு லைன் நீளம், சீக்கிரம் பேர் குடுக்கணும்.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாரு. உன் பொண்ணு கிளாஸ்ல பாதிப் புள்ளைங்க வீட்ல கிரெயோல்தான் (இந்தத் தீவோட சொந்த மொழி) பேசும். மெத்ரெஸ் பேசற பிரெஞ்சு அதுங்களுக்கும் வீட்டு மொழி இல்ல. 2000லேர்ந்து கிரெயோலுக்கு பிராந்திய மொழின்னு அந்தஸ்து இருக்கு, ரெண்டு மொழிலயும் நடத்தற கிளாஸ் கூட சில ஸ்கூல்ல இருக்கு. வேற மொழியோட வர்ற புள்ளைய பாத்து இங்க மெத்ரெஸ் ஒண்ணும் மிரண்டு போகமாட்டாங்க.

எங்க பக்கத்து வீட்டு மெமே (பாட்டி) ஒருத்தங்க, மல்பார், அதாவது இங்கத்த பழைய தமிழ் வம்சம், கொள்ளுத்தாத்தா காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். மாரியம்மன் பாட்டு மொத்தமும் பாடுவாங்க, ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. என் பொண்ணு அவங்களுக்கு ஒவ்வொரு வரியா கிரெயோல்ல சொல்லிக் குடுத்துச்சு, அவங்க அழுதுட்டாங்க. அந்த வீட்ல மொழி போனது யாரும் ஆசைப்பட்டு இல்ல. நம்ம வீட்ல கேக்காமலே தூக்கிக் குடுக்கச் சொல்றாங்க, அதான் எனக்கு கோவம் வருது.

16 மார்ச்

லெ போர் ஊர்லேர்ந்து ஒரு அண்ணன் எழுதியிருக்காரு, "பிரெவேல ஒழுக்கம் இருக்கும், சண்டை கிடையாது, பணம் கட்டறோம் அதனால கவனிப்பாங்க"ன்னு. அண்ணா, உங்க அனுபவத்தை நான் மறுக்கல. ஆனா அந்தத் தங்கச்சி குடும்ப பட்ஜெட் போட்டு யோசிக்கறவ, அதனால விவரமா சொல்றேன்.

இங்க நாம கத்தோலிக் பிரெவேன்னு சொல்றது பெரும்பாலும் அரசாங்கத்தோட கான்த்ரா போட்டது. 1959 சட்டம். மெத்ரெஸ்க்கு சம்பளம் அரசாங்கம்தான், பாடத்திட்டம் அதேதான், எந்த மதத்துப் புள்ளையையும் சேக்கணும், ஜெபக் கிளாஸுக்குப் போயே ஆகணும்னு கட்டாயப்படுத்த முடியாது. செக்தேர் கோடு அதுக்குக் கிடையாது, அதான் நெசமான வித்தியாசம், உனக்குப் புடிச்ச இடத்துல கேக்கலாம், அவங்களுக்கும் எடுக்கலாம் எடுக்காம விடலாம். மாசா மாசம் காசு கட்டணும், கான்தீன் தனி. கான்த்ரா இல்லாத பிரெவேயும் இருக்கு, மோன்தெசோரின்னு போர்டு போட்டிருக்கும், அதுல மொத்த செலவும் நம்ம தலையில.

மூணு வயசு புள்ளைக்கு ஒழுக்கம்னு நீங்க எதைச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியல. அந்த வயசுல கடிக்கும், தள்ளும், பொம்மைய புடுங்கும், பிரெவே புள்ளையும் கடிக்கும். தெருவுலயே ஸ்கூல் இருந்தா நடந்து போகலாம், அதே புள்ளைங்களை சாயங்காலம் கடையில பாக்கலாம், அந்த ஊர்ல நமக்கு ஒரு நாலு பேரு தெரிய வரும். வந்து ரெண்டே வருஷம் ஆன குடும்பத்துக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்! என் சினேகிதிங்க பாதிப் பேரு மாத்தெர்னெல் கேட்ல கிடைச்சவங்கதான். காலைல ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் கார் சீட்ல புள்ளைய கட்டிப்போட்டு கூட்டிட்டு போற ஸ்கூல் எவ்ளோ நல்லதா இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் புள்ள தூக்கத்துலேர்ந்துதான் போகுது.

அதனால என் ஓட்டு தெரு எக்கோலுக்கு. அங்க ஏதாவது கண்ணால பாத்து சரியில்லன்னு தோணினாதான் பிரெவே.

22 மார்ச்

புயலுக்கு அப்பறம் கூட்டிப் பெருக்கி முடிக்கவே இவ்ளோ நாள். காரான்ஸ் புயல் பிப்ரவரி 28 அடிச்சப்ப எங்க பக்கம் கரென்டும் தண்ணியும் சேர்ந்து போச்சு, இப்ப அதோட சிக்குன்குனியா. இது ரெண்டும் ஸ்கூல் தேர்ந்தெடுக்கற பேச்சுல எங்க வந்துச்சுன்னு கேக்காதீங்க, வரும்.

புயலுக்கு ஆரஞ்சு அலர்ட் வந்தா ஸ்கூல், கிரெஷ் (கைக்குழந்தை காப்பகம்) எல்லாம் மூடிடும். அலர்ட் பகல்ல போட்டாங்கன்னா அப்ப போய் கூட்டிட்டு வர யாரு இருக்கா? அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைன்னா ஸ்கூலுக்கு நடந்து போற தூரத்துல ஒரு ஆள் பேரை ஃபார்ம்ல எழுதிக் குடுத்திருக்கணும், பேர் இல்லாத ஆள்கிட்ட புள்ளைய விடமாட்டாங்க, அது சரிதான். பக்கத்து ஸ்கூல்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு இதுவும் காரணம்.

சிக்குன்குனியாவுக்கு, நீ ஸ்கூல் பாக்கப் போறப்ப முத்தத்துல பழைய டயர், பூந்தொட்டி தட்டு, அடைச்ச வாய்க்கால் இதுல தண்ணி நிக்குதான்னு பாரு. அந்தக் கொசு பகல்லதான் கடிக்கும், அதாவது புள்ள ஸ்கூல்ல இருக்கற நேரம். தண்ணி நின்னா மேரிக்கு ஒரு மெயில் போடு, கோவமா இல்லாம தேதி போட்டு, போட்டோவோட. நகரும்.

3 ஏப்ரல்

அரை நாள் பத்தி ரெண்டு மூணு பேரு தனியா கேட்டாங்க. ஆமா, பெதித் செக்சியோனுக்கு மட்டும் அந்த வசதி இருக்கு, மதிய கிளாஸுக்கு வராம இருக்க அப்பா அம்மா எழுதிக் கேக்கலாம். திரெக்த்ரிஸ் தன் கருத்தோட இன்ஸ்பெக்டருக்கு அனுப்புவாங்க, 15 நாள்ல பதில் வரலன்னா சம்மதம்னு அர்த்தம். வருஷ நடுவுல மாத்தியும் கேக்கலாம்.

முதல்ல எனக்கு இது டிசம்பர் புள்ளைங்க எல்லாருக்கும் கேக்க வேண்டியதுன்னு தோணுச்சு. இப்ப கொஞ்சம் யோசிக்கறேன். நான் தூங்கற ரூம்ல வேலை பாத்தப்ப கவனிச்சது, ஒரு புள்ள ஸ்கூல்ல நிம்மதியா தூங்க ஆரம்பிச்சிடுச்சுன்னா அன்னிலேர்ந்து அது அந்த ஸ்கூலை தன்னோடதா எடுத்துக்கும். காலைல அழுகையும் குறையும். மதியம் கூட்டிட்டு போற புள்ளைக்கு அந்தக் கட்டம் தள்ளித் தள்ளிப் போகும். இன்னொரு பக்கம், சாப்பாட்டு நேரம் வந்தாலே களைச்சு துவண்டு போற புள்ளையும் பாத்திருக்கேன், அதுக்கு கான்தீன் சத்தம் தாங்காது, அத வீட்டுக்குத்தான் கூட்டிட்டு போகணும். அதனால முதல் சில வாரம் அரை நாள் வை, அப்பறம் அக்டோபர் லீவு வரைக்கும் பாரு. வேலைக்குப் போற அம்மாக்கள் இத படிச்சுட்டு குத்த உணர்ச்சியோட உக்காராதீங்க, முழு நாள் இருக்கற புள்ளைங்க நல்லாத்தான் இருக்கு.

துதூ (புள்ள கட்டிப் புடிச்சு தூங்கற துணியோ பொம்மையோ) குடுத்து விடலாம், தப்பில்ல. உன் பழைய புடவைத் துண்டு ஒண்ணு தைச்சு குடு, அம்மா வாசனை இருக்கும். ஒரு புள்ள தாத்தாவோட வேட்டித் துணில மொகத்தை வச்சுதான் தூங்கும், வேற யாரையும் தொட விடாது.

20 ஏப்ரல்

கான்தீன். சோறு உண்டு, கவலைப்படாத, ரெயூனியன்ல சோறு இல்லாத கான்தீன் இல்ல, கூட பருப்போ பீன்ஸோ இருக்கும். மாட்டுக்கறி விஷயத்தை மட்டும் சேக்கறப்பவே எழுதிக் குடு. மல்பார் குடும்பங்க எல்லா ஊர்லயும் இருக்கறதால இது இங்க யாருக்கும் புதுசில்ல, ஆனா வேற தட்டு குடுக்கறாங்களா இல்ல வெறும் சோறும் பருப்புமான்னு மேரிக்கு மேரி மாறும், கேட்டுக்கணும். கட்டணம் பெரும்பாலும் வருமானத்தைப் பொறுத்து. ஸ்கூல் துவக்க உதவிப் பணம் காஃப்லேர்ந்து (குடும்ப உதவிப் பணம் குடுக்கற ஆபீஸ்) வரும்னு யாராவது சொன்னா நம்பி செலவு பண்ணிடாத, அது ஆறு வயசுலேர்ந்துதான்.

பொட்டு வச்சு, கயிறு கட்டி ஸ்கூலுக்கு அனுப்பலாமான்னு கேட்டிருந்த. 2004 சட்டம் கவர்மென்ட் ஸ்கூல்ல பளிச்சுன்னு தெரியற மத அடையாளத்தைத்தான் தடுக்குது, சின்னதா இருக்கறது பரவால்ல. என் பொண்ணு சின்ன கறுப்புப் பொட்டு, இடுப்புக் கயிறோட போச்சு, யாரும் ஒண்ணும் கேக்கல. கொலுசு மட்டும் கழட்டிடு, ஓடி ஏறி குதிக்கற கிளாஸ்ல மாட்டிக்கும். காதுத் தொங்கட்டானும் வேண்டாம், ஒட்டின மாதிரி தோடு போதும். தங்கம் வேண்டவே வேண்டாம்.

காவடி விரதத்துக்கு புள்ளையும் கூட இருக்கும்னா கான்தீனை அந்த நாளுக்கு நிறுத்தி வீட்ல சாப்பிட வை, முன்கூட்டி சொல்லணும், அவ்ளோதான்.

14 ஜூன்

சேன்-பியேர் தங்கச்சி ஸ்கூல் பாத்துட்டு வந்து எழுதினதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். தாத்தி மல்பார் அம்மா, நரசிங்கப் பெருமாள் கோயிலுக்கு வர்றவங்க, பாத்ரூம் கிளாஸோட சேந்திருக்கு, முத்தத்துல பெரிய மரம். தூங்கற ரூம் மட்டும் வெளிச்சமா இருக்காம். திரெக்த்ரிஸ்கிட்ட சொல்லு, திரை போட மேரிகிட்ட கேப்பாங்க.

"டயபர் போட்டா சேக்கமாட்டோம்"னு யாரோ மெரட்டினாங்கன்னு எழுதியிருக்க. சட்டத்துல அப்படி ஒரு நிபந்தனை எங்கயும் கிடையாது. படிப்பு கட்டாயம்னு சொல்லிட்டு கதவை சாத்த முடியாது. ஆனாலும் தாத்திக்கு இருபது முப்பது புள்ளைங்க, அத நெனச்சுக்கோ. ஜூலை லீவு முழுக்க கையில இருக்கு. வீட்ல தரையில டயபர் இல்லாம விடு, தண்ணி குடிச்சு கொஞ்ச நேரத்துல கூப்பிட்டு உக்கார வை, திட்டாத. பட்டன், பெல்ட் உள்ள ட்ரவுசர் வேண்டாம், எலாஸ்டிக் மட்டும். பையில ரெண்டு செட் துணி, பேர் எழுதி. "பிப்பி"ங்கற (ஒண்ணுக்கு) ஒரு சொல்லை மட்டும் நல்லா பழக்கிடு, மத்த பிரெஞ்சு எல்லாம் அப்பறம் வரும். கூடவே "தண்ணி வேணும்", "வலிக்குது"ங்கறதை நீ ஒரு பேப்பர்ல தமிழ் உச்சரிப்பை பிரெஞ்சு எழுத்துல எழுதி தாத்திகிட்ட குடு. நான் என் பையனுக்கு குடுத்தேன், அந்த வருஷக் கடைசில அந்தத் தாத்தி "தண்ணி"ன்னு எல்லாப் புள்ளைங்ககிட்டயும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க!

20 ஆகஸ்ட்

ரான்த்ரே முடிஞ்சுது. எத்தன மெசேஜ், எல்லாம் அழுகை. தங்கச்சி, நீ கேட்ல ஒளிஞ்சு நின்னு பாக்கறேன்னு எழுதினியே, அத மட்டும் செய்யாத மா, புள்ள ஒரு தடவ உன் தலைய ஜன்னல்ல பாத்துட்டா உள்ள இருக்கறவங்க அரை மணி நேரம் சமாதானப்படுத்தணும், நான் அந்தப் பக்கம் நின்னவ. சொல்லாம நழுவறதும் கூடாது. "சாப்பிட்டு தூங்கி எந்திரிச்சதும் அம்மா வருவேன்"னு தமிழ்ல சொல்லு, முத்தம் குடு, திரும்பு, போ. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய் நில்லு.

முதல் நாள் அழாத புள்ள ரெண்டாவது வாரம் அழும், அதுவும் சரிதான், அப்பத்தான் இது தினமும்னு புரியும்.

7 செப்டம்பர்

ஊர்லேர்ந்து வாட்ஸப்புல வர்ற தொல்லை பத்தி மூணு பேரு எழுதியாச்சு. "இங்க எல்.கே.ஜி. புள்ள ஏ டு இசட் எழுதுது, உன் புள்ள என்னடா களிமண்ணு உருட்டுது"ன்னு. என் அத்தையும் கேட்டாங்க. பெதித் செக்சியோன்ல எழுத்து எழுத வைக்கமாட்டாங்க. பேசறது, கேக்கறது, பாட்டு, குதிக்கறது, அடுக்கறது, எண்ணறது. வாரத்துக்கு 24 மணி நேரம் கிளாஸ், பரீட்சை கிடையாது, எழுதற ஹோம்வொர்க் பிரிமேர் வரைக்குமே 1956லேர்ந்து தடை. 2025 ரான்த்ரேலேர்ந்து மொழிக்கும் கணக்குக்கும் புதுப் பாடத்திட்டம் வந்திருக்கு, அதுலயும் முதல் வேலை பேச்சும் சொல்வளமும்தான். களிமண்ணு உருட்டற விரல்தான் பின்னாடி பென்சில் புடிக்கப் போகுது, அத்தைக்கு நான் அதைத்தான் சொன்னேன். ஏத்துக்கல. பரவால்ல.

ஆனா தமிழ் எழுத்தை வீட்ல நீங்க காட்டலாம், எழுத வைக்கறதுக்காக இல்ல. கோலப்பொடில "அ" போடுங்க, சுத்தி பூ போடுங்க. கதை சொல்லுங்க, அதே கதையை பத்து தடவ கேட்டாலும் சொல்லுங்க. தீபாவளிக்கு சேந்தாந்த்ரே ஊருக்கு வர்றவங்க புள்ளைங்களை கூட்டிட்டு வாங்க, ஊர்வலத்துல இத்தன பேரு இருக்காங்கன்னு அதுங்க கண்ணால பாக்கட்டும்.

2 நவம்பர்

சேன்-பியேர்லேர்ந்து: பொண்ணு வீட்டுக்கு வந்து "மெத்ரெஸ், மி வே தண்ணி, சில் தூ ப்ளே"ன்னு (டீச்சர், எனக்கு தண்ணி வேணும், ப்ளீஸ்) பொம்மைக்கு பாடம் நடத்துதாம். கிரெயோல், தமிழ், பிரெஞ்சு மூணும் ஒரே மூச்சுல. திருத்தாத! சந்தோஷமா தண்ணி எடுத்துக் குடு. கிளாஸ்ல இன்னும் பேசலன்னு கவலைப்பட்டிருக்க. பொம்மைகிட்ட பேசுதே, அது போதும் இப்போதைக்கு. மெத்ரெஸ்கிட்ட இதை சொல்லு, அவங்களுக்கு இது தெரிய வழியில்ல.

அரை நாளை நிறுத்தி முழு நாள் விடலாமான்னு கேட்டதுக்கு, தூங்கறாளான்னு தாத்திகிட்ட கேளு, அவங்க சரின்னா விடு. வெயில் ஏறுது, தண்ணி பாட்டில், தொப்பி, கொசு மருந்து.

மூணு நாலு வயசுல பேஎம்ஈ ஸ்கூலுக்கே வந்து கண்ணு, காது, பேச்சு பாப்பாங்க. பேப்பர் வந்தா ரெண்டு பேர்ல ஒருத்தராவது கூட போங்க. பேச்சு டெஸ்ட் பிரெஞ்சுலதான் இருக்கும், அதுல அவ வாய் தொறக்கலன்னா வீட்ல தமிழ்ல எப்படி பேசறான்னு நீங்கதான் சொல்லணும். எத்தன சொல் சேத்து பேசறா, கேள்வி கேக்கறாளா, நேத்து நடந்ததை சொல்றாளா, இதை முன்னாடியே ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோ. பொம்மை பாடம் நடத்தறதை போன்ல வீடியோ எடுத்துக் கொண்டு போய் காட்டு.